மாற்றும் கலப்படமும்

சொற்களுக்கும் உலோகங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் கைமாறிக் கைமாறித் தேய்கின்றன. எந்தச் சொல்லையும் அதன் பழைய நிறம் தெரியும்வரை உரைத்துப் பார்த்தாலன்றி, இன்று அது கொண்டிருக்கும் மதிப்பு மெய்யானதா என்று கூறிவிட முடியாது. ஆங்கிலத்தில் 'அடல்ட்டரேட்' என்றொரு சொல் இருக்கின்றது. தூய பொருளில் தாழ்ந்த பொருளைச் சேர்த்து அதன் தூய்மையைக் கெடுத்தல் என்பது அதன் பொருள். நம் நாட்டுச் சட்டங்களில் அது நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. தமிழில் அதனைக் 'கலப்படம் செய்தல்' என்கிறோம். பாலில் நீர், மிளகில் பப்பாளி விதை, நெய்யில் வேற்றுக் கொழுப்பு என்று பல பொருள்களின் பெயரோடு இச்சொல் நாள்தோறும் நம் காதில் விழுகின்றது.

ஆனால், ஒரு பொருளில் வேறொரு பொருள் கலந்திருப்பதே குற்றமா? கலவாமைதான் தூய்மையா? இந்த வினாவுக்கு விடை தேட, அகராதியைக் காட்டிலும் காஞ்சிபுரம் நமக்குப் பெரிதும் உதவும். பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் பட்டையும் ஓரிழையில் ஒன்றுசேர்த்து உடுத்தும் ஆடையாக்கிய ஊர் அது. அவ்வூரின் சரிகையும், அதனைச் சுற்றியுள்ள நாட்டின் கல்வெட்டுகளும் இச்சொல்லுக்கு நல்ல உரையாசிரியர்கள் என்பதை நேயர்களுக்கு எடுத்துக்காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'ஆல்ட்டெர்' என்றால் 'வேறு', 'மற்றது' என்று பொருள். அந்த வேரிலிருந்து, ஒன்றை வேறாக்குதல், கெடுத்தல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் தோன்றியது என்பது சொல்லாராய்ச்சியாளர் பொதுவாகக் கூறும் விளக்கம். மணவாழ்வில் நம்பிக்கை தவறுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலி ஒத்திருப்பதால், வயது வந்தோரைக் குறிக்கும் 'அடல்ட்' என்னும் சொல்லையும் இதன் உறவென்று சிலர் எண்ணுவர். அது பிழை. வளர்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து பிறந்தது அச்சொல். ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் உள்ளே இரு கருத்துகள் பிறவியிலேயே உறைகின்றன: ஒன்று, வேறாக்குதல், மற்றொன்று, நம்பிக்கை தவறுதல். முதலாவதை மட்டும் நினைவிற்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுவதனாலேயே இச்சொல்லைப் பற்றிய குழப்பங்கள் பலவும் எழுகின்றன.

இனித் தமிழின் பக்கம் திரும்புவோம். பொன்னின் தரத்தைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல் 'மாற்று' என்பது. குறையற்ற பொன்னைப் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்கிறோம். மக்களுள் மாசற்றவரையும் அவ்வாறே புகழ்கிறோம். 'மாற்றுக் குறைந்தது' என்றால் மதிப்புக் குறைந்தது என்று பொருள். அதே 'மாற்று' என்னும் சொல்லுக்கு வேறு, பிறிது என்ற பொருளும் உண்டு என்பதை நேயர்கள் அறிவர். மாற்றான், மாற்றுக் கருத்து, மாற்றாடை என்னும் வழக்குகளைக் காண்க. இலத்தீன் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் பிறப்பால் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு சிந்திக்கத் தக்கது. மேலை மொழி, வேறாதலைக் கேட்டின் பெயராக்கிற்று. தமிழோ அதே கருத்துடைய ஒலியைத் தரத்தின் அளவுக்கும் பெயராக வைத்துக்கொண்டது. எவ்வளவு வேற்றுப்பொருள் கலந்துள்ளது என்று அளந்து சொல்லிவிட்டால் அந்தப் பொன்னைப் பற்றி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்னும் வணிக அறிவு அவ்வழக்கின் பின்னே நிற்கின்றது போலும்.

'உரை' என்பதும் அத்தகைய இன்னொரு சொல். உரைத்தல் என்றால் சொல்லுதல். உரைத்தல் என்றால் கல்லில் தேய்த்தல். பொன்னைக் கருங்கல்லில் தேய்த்து, அக்கோட்டின் நிறத்தைத் தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்புநோக்கி மாற்று அறிவது பழைய முறை. அந்தக் கல் உரைகல், கட்டளைக்கல் எனப்படும். ஒப்புநோக்கப் பயன்படும் ஊசி ஆணி எனப்படும்; அதிலிருந்தே உயர்ந்த பொன்னுக்கு 'ஆணிப்பொன்' என்ற பெயர் வந்தது. மக்களின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்று கூற வந்த வள்ளுவரும் பொற்கடையிலிருந்தே அவ்வுவமையை எடுத்துக்கொண்டார். சொல்லுதலும் சோதித்தலும் ஒரே வினையால் குறிக்கப்படும் மொழியில், பொருளின் தூய்மையும் சொல்லின் தூய்மையும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

இப்போது காஞ்சிபுரத்துத் தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கரையிலும் முந்தியிலும் விளங்கும் சரிகை. பார்ப்பவர் கண்ணுக்கு அது பொன். பொன்னிழை என்றே அதனைப் போற்றுகிறோம். ஆனால் உண்மையில் அதன் அமைப்பு யாது? வெள்ளியைக் கம்பியாக இழுத்து, மேலும் மேலும் சிறிய துளைகளின் வழியே செலுத்தி, மயிரினும் நுண்ணியதாக்குவர். பின் அதனைத் தட்டையாக நசுக்கி, சாயமேற்றிய பட்டு நூலின் மேல் நெருக்கமாகச் சுற்றுவர். அதன்மேல் பொன்முலாம் பூசுவர். வெள்ளியோடு செம்பும் சேரும். காஞ்சிபுரத்திலுள்ள அரசுச் சரிகை நிறுவனம் கைக்கொண்ட விகிதங்களுள் ஒன்றைக் காண்க: நூறு பங்கில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, பொன் 0.5. பொன் அரைப் பங்கே! அதற்கு முந்தைய கணக்கில் வெள்ளி பாதிக்கும் மேலாக இருந்தது. அப்போதும் பொன் ஒரு பங்கை எட்டவில்லை.

அப்படியானால் இது கலப்படமா? அன்று. தூய பொன்னை மட்டுமே கொண்டு இழையெடுத்துப் புடவை நெய்தால் விலை எவர்க்கும் எட்டாது. ஆடையும் உடலுக்குப் பாரமாகும். வெள்ளி உடலையும், பட்டு வளைந்து கொடுக்கும் தன்மையையும், செம்பு உறுதியையும், பொன் நிறத்தையும் தருகின்றன. இந்நான்கும் கலந்ததையே 'அசல் சரிகை' என்கிறோம். நான்கு பொருள்களின் கலவைக்கு 'அசல்' என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்? இன்ன பொருள் இன்ன அளவு இருக்கும் என்று விற்பவர் சொல்ல, வாங்குபவர் அறிந்து ஒப்புக்கொள்ள, சொன்ன அளவு குறையாதிருப்பதனால் அப்பெயர் பொருந்துகின்றது. அந்த அளவை மறைத்து வெள்ளியைக் குறைத்துச் செம்பை மிகுத்தாலோ, செம்புக் கம்பியின்மேல் முலாம் பூசி அசல் என்று விற்றாலோ, அப்போதுதான் கலப்படம் பிறக்கின்றது. அதே செம்புச் சரிகையை 'இது போலிச் சரிகை, விலையும் அதற்குத் தக்கது' என்று சொல்லி விற்பவர் எக்குற்றமும் செய்தவர் ஆகார். பொருள் ஒன்றே, சொல்லே குற்றத்தையும் நேர்மையையும் பிரிக்கின்றது.

இக்கருத்து இன்று தோன்றியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். இறைவனுக்கு அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றும் எடை குறித்துக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் பொன் நிறுக்கப்பட்டது. அத்தோடு நில்லாமல், மணிகளைப் பதிக்க உள்ளே இட்ட அரக்கு இந்த எடையில் அடங்கும், கோத்த சரடும் சட்டமும் செப்பாணியும் இதில் அடங்கா என்ற விவரங்களும் குறிக்கப்பட்டுள்ளன. இறைவனுக்குரிய அணியிலும் அரக்கு இருந்தது, செம்பு இருந்தது. அதனை மறைக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. கல்லில் பொறித்து உலகறியச் செய்தனர். கலந்ததைக் கலந்தது என்று எழுதிவைத்த அந்த நேர்மையே அவ்வணிகளின் மாற்று.

தஞ்சைக் கோயிலுக்கும் முற்பட்ட ஒரு சான்று காஞ்சிபுரத்துக்கு அண்மையிலேயே இருக்கின்றது. உத்திரமேரூர்! குடவோலை முறையால் உலகப் புகழ் பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் பொறித்தது. முப்பது குடும்புகளிலிருந்து ஓலை இட்டு ஆள் தெரிந்தனர். அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியம் உண்டு, தோட்ட வாரியம் உண்டு. பொன் வாரியம் என்று ஒன்றும் உண்டு. பொன்னைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஊரில் ஒரு குழு!

அதே பராந்தகன் ஆட்சியில் அவ்வூரில் எழுந்த வேறொரு கல்வெட்டு இன்னும் நுட்பமானது. ஊரார் பொன்னை உரைத்து மாற்றுக் காண்பவர்களை அமர்த்துவது பற்றியது அது. மாடவீதியாரில் நால்வர், சேனையாரில் இருவர், எண்ணெய் வணிகராகிய சங்கரப்பாடியாரில் மூவர் எனத் தெரிந்தெடுக்கச் சபை விதித்தது. ஒரு தெருவார் கையிலோ ஒரு தொழிலார் கையிலோ சோதனை சிக்கிவிடலாகாது என்பது இதன் கருத்து. அவர்கள் பொன் காண்பதில் வல்லவராயும், எவர்பாலும் சாயாதவராயும் இருத்தல் வேண்டும். மேலும் ஒன்று: உரைகல்லில் ஒட்டிய பொற்றுகளை ஒற்றியெடுக்கும் மெழுகை அவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளலாகாது, ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

நேயர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கல்லில் தேயும் பொன் எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரியாத துகள். ஆனால் ஓராண்டு முழுவதும் ஊரார் அனைவர் பொன்னும் அக்கல்லில் தேய்ந்தால், மெழுகில் சேரும் பொன் சிறிதன்று. தரம் காண்பவன் அதனை எடுத்துக்கொண்டால், கலப்படத்தைக் கண்டுபிடிக்க வந்தவனே களவுக்கு வழிகண்டவன் ஆவான். அந்தத் துகளும் ஊரின் ஏரிக்கே சேர்ந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பொருளின் தூய்மையைக் காப்பதற்கு முதலில் காப்பவனின் தூய்மையைக் காத்தல் வேண்டும் என்று ஓர் ஊர்ச்சபை உணர்ந்திருந்தது. அதனால்தான் வாரியங்களில் இருப்பதற்குரியவர் பொருள் ஈட்டலிலும் உள்ளத்திலும் தூய்மை உடையவராதல் வேண்டும் என்றும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரலாகாது என்றும் அச்சபை விதித்தது.

காஞ்சி நகரத்து நெசவாளரைப் பற்றியும் ஒரு பழஞ்சான்று கூறுதல் வேண்டும். உத்தம சோழனின் 16-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருமால் கோயிலைப் பற்றியவை. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தவை. அந்நகரின் நான்கு பகுதிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் அக்கோயிலின் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அவற்றால் அறிகிறோம். கோயிற் பொன்னுக்குக் கணக்குப் பார்க்கும் தகுதி உடையவராக நெசவாளரை அரசு மதித்தது. காஞ்சித் தறிக்காரரின் பெயர் அன்றே நம்பிக்கையின் பெயராக விளங்கிற்று. ஆகவே காஞ்சிச் சரிகையில் கலப்படம் என்று இன்று ஒரு செய்தி வரும்போது இழக்கப்படுவது வெள்ளியின் சில பங்குகள் மட்டும் அன்று. ஆயிரம் ஆண்டுக் காலம் சேர்த்த ஒரு நற்பெயர்.

இத்துணை நற்சான்றுகளைக் கூறுவதால் பழங்காலத்தில் வஞ்சகமே இல்லை என்று எவரும் கருதிவிடலாகாது. வஞ்சகம் இருந்தமையாலேயே விதிகள் பிறந்தன. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பொற்கொல்லர் பொன்னைக் கவரும் வழிகள் ஐந்து என எண்ணிக் காட்டுகின்றது. தராசில் ஏமாற்றுதல், மாற்றுக் குறைந்ததை வைத்து நல்லதை எடுத்தல், உருக்கும்போது ஒழுகவிடுதல், தாழ்ந்த உலோகத்தைப் பொற்றகட்டால் போர்த்துதல், உள்ளீட்டை வேறொன்றால் நிரப்புதல் என்பன அவை. தானியம், நெய், உப்பு, நறுமணப் பொருள், மருந்து ஆகியவற்றில் அவை போன்ற தாழ்ந்தவற்றைக் கலந்து விற்பவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம் என்றும் அந்நூல் விதிக்கின்றது. போர்த்துதல் என்று அந்நூல் கூறும் நான்காம் வழி, செம்புக் கம்பியின்மேல் முலாம் பூசி அசலென்று விற்கும் இன்றைய வழியேயன்றி வேறன்று.

மன்னரே இக்குற்றத்தைச் செய்ததும் உண்டு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி என்னும் அரசன், 1544-ஆம் ஆண்டு முதல், தன் செலவுக்குப் பணம் போதாமல் வெள்ளிக் காசுகளில் மேன்மேலும் செம்பைக் கூட்டினான். காசின் முகத்தில் அவன் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. புழங்கப் புழங்க, உருவத்தில் மிகவும் புடைத்து நின்ற மூக்கு முதலில் தேய்ந்தது. அடியிலிருந்த செம்பு சிவந்து தோன்றிற்று. மக்கள் தம் வேந்தனுக்குச் 'செப்பு மூக்கன்' என்று பெயரிட்டனர். கலப்படத்தைக் காலம் என்னும் உரைகல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை. காஞ்சிப் புடவையிலும் இதுவே நிகழ்கின்றது. கடையில் விரிக்கும்போது எல்லாச் சரிகையும் பொன்னே. சில ஆண்டுகள் பெட்டியில் இருந்து எடுக்கும்போது, ஒன்று மங்காமல் மின்னுகின்றது, மற்றொன்று கறுத்துப்போகின்றது.

இனி, அந்த ஆங்கிலச் சொல் சட்டமாக மாறிய வரலாறு. இலண்டனில் வாழ்ந்த பிரெடரிக் அக்கும் என்னும் செர்மானிய வேதியியல் அறிஞர் 1820-இல் உணவுக் கலப்படங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ரொட்டியில் படிகாரம், மிட்டாயில் ஈயச் சாயம் என்று அவர் எடுத்துரைத்தவை அந்நகரையே திடுக்கிடச் செய்தன. நெடிய போராட்டத்துக்குப் பின் 1875-இல் இங்கிலாந்தில் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் வந்தது. வாங்குபவர் கேட்ட பொருளின் இயல்பும் சத்தும் தரமும் இல்லாத ஒன்றை அவருக்குத் தீங்காக விற்கலாகாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. இங்கே கவனிக்க வேண்டியது, அச்சட்டம் 'தூய பொருள்' என்று கூறாமல் 'கேட்ட பொருள்' என்று கூறியமையாகும். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்பதே குற்றம். இலத்தீன் வேரின் பழம்பொருள் சட்டத்தின் வாயிலாக மீண்டும் வெளிப்பட்டதை இங்குக் காண்கிறோம்.

சென்னை மாகாணத்தில் 1918-இல் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின், 1954-இல் இந்தியா முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நிறைவேறியது. அரை நூற்றாண்டு கடந்து, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டம் அதன் இடத்தைக் கொண்டது. இப்புதிய சட்டம் ஒரே சொல்லால் எல்லாக் குற்றங்களையும் அளக்காமல், தரம் குறைந்தது, பொய்க்குறி இட்டது, தீங்கு விளைப்பது என்று பிரித்து நோக்குகின்றது. நீர் சேர்ந்த பாலும் நஞ்சு சேர்ந்த எண்ணெயும் ஒரே குற்றம் ஆகமாட்டா அன்றோ?

உணவுக்கு இவ்வளவு சட்டங்கள் இருக்க, உடுக்கும் பட்டுக்கு யாது காவல்? காஞ்சிபுரத்தில் 1971-இல் தமிழ்நாடு அரசின் சரிகை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் சரிகைக்குச் சூரத்து நகரையே பெரிதும் நம்பியிருந்த நெசவாளர்க்குத் தரம் உறுதி செய்த சரிகை உள்ளூரிலேயே கிடைக்க வழி பிறந்தது. சரிகையை இன்றும் 'மார்க்' என்னும் கணக்கில் விற்பர். ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். ஐரோப்பியர் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்த பழைய எடையின் பெயர் அது. பின்னர், சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது. பட்டு மெய்யான பட்டே என்பதற்குச் 'சில்க் மார்க்' முத்திரை 2004-இல் ஏற்பட்டது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. பட்டு முத்திரை பட்டுக்கே சான்று. அது சரிகைக்குச் சான்றாகாது. ஊர்ப்பெயர்க் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். தறியருகே நின்று வெள்ளியை நிறுக்காது. ஒவ்வொரு முத்திரையும் எதற்குச் சான்று என்று அறிந்து கேட்பது வாங்குபவர் கடமை.

நெசவாளரின் நிலையையும் இங்கு நினைத்தல் வேண்டும். காஞ்சிப் பட்டின் கோர்வை வேலை எளிதன்று. உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு ஒவ்வோர் இழையிலும் கோக்கப்படுகின்றன. தறியில் அமர்ந்தவருக்குத் துணையாக மற்றொருவர் வேண்டும். நாள்கள் பல உருண்டோடிய பின்னரே ஒரு புடவை தறியிலிருந்து இறங்கும். கூலிக்கு நெய்யும் நெசவாளர் பெரும்பாலும் பட்டையோ சரிகையையோ தாம் வாங்குவதில்லை. பாவும் சரிகையும் முதலாளியிடமிருந்தோ சங்கத்திலிருந்தோ வருகின்றன. வந்த சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அறிய அவரிடம் கருவியில்லை. கலப்படம் நுழைந்தால் அதன் ஆதாயத்தில் அவருக்குப் பங்கில்லை. அதன் பழியில் மட்டும் பங்கு உண்டு. 'காஞ்சிபுரத்திலும் இப்படியா?' என்று ஒரு வீட்டில் எழும் ஐயம் பத்து வீடுகளுக்குப் பரவினால், குறைவது அவருக்கு வரும் வேலையே. உத்திரமேரூர்ச் சபை பொன் காண்பவரை ஊரார் பலரிடமிருந்தும் தெரிந்தெடுத்ததன் அருமை இப்போது விளங்கும். சோதிக்கும் ஆற்றல் எளியவருக்கும் எட்டும் இடத்தில் இருந்தாலன்றி நேர்மையான உழைப்பு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. இன்று, பொருளைச் சிதைக்காமல் ஊடுகதிரால் உலோக அளவைக் கூறும் பொறிகள் உள்ளன. அவை இன்றைய உரைகல்.

நம் வீடுகளில் ஒரு சோதனை அறியாமலேயே நடந்துவந்தது. உடுத்துக் கிழிந்த பழம் பட்டுப்புடவையை வாங்கிச் செல்வோர் அதனை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பர். அதற்கேற்ப விலை தருவர். பாட்டியின் முகூர்த்தப் புடவை, வறுமை வந்தபோது பேரனின் படிப்புக்குக் கைகொடுத்த குடும்பங்கள் உண்டு. சோழர் காலத்துச் சாசனங்கள், நெருப்பில் புகுந்து தேறிய பொன்னைத் 'தீப்போக்குச் செம்பொன்' என்று குறிப்பிடுகின்றன. அந்தத் தீயே புடவைக்கும் கடைசி நீதிபதி. அசலென்று நம்பி வைத்திருந்தது தீயில் வெறும் கரியும் செம்புமாக எஞ்சினால், ஏமாந்த குடும்பம் யாரிடம் சென்று முறையிடும்? விற்றவர் எங்கோ, விலைச்சீட்டு எங்கோ. கலப்படத்தின் கொடுமை இதுதான்: குற்றம் செய்த நாளுக்கும் அது தெரியும் நாளுக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிடுகின்றது.

இறுதியாக, இச்சொல்லை எங்கே பயன்படுத்தலாகாது என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். பொருள்களை அளக்கும் அளவுகோலை மக்கள்மேல் வைத்துப் பார்க்கும் வழக்கம் உலகில் பலவிடத்தும் உண்டு. இனத்தூய்மை, குலத்தூய்மை என்று பேசி அயலாரை மாசாக எண்ணிய கொடுமையை வரலாறு மறக்கவில்லை. தமிழ் இங்கே ஒரு நல்ல வேறுபாட்டைக் காத்துவைத்திருக்கின்றது. வெவ்வேறு குலத்தார் மணந்துகொள்வதைக் 'கலப்பு மணம்' என்கிறோம்; 'கலப்பட மணம்' என்று எவரும் கூறார். சந்தனமும் குங்குமப்பூவும் சேர்ந்தது கலவை. நெல்லும் பதரும் சேர்த்து நெல்லென்று விற்றது கலப்படம். மணியும் பவளமும் கோத்ததுபோல இரு மொழிகளைக் கலந்த நடைக்கு 'மணிப்பிரவாளம்' என்று பெயரிட்டு, கலந்ததைப் பெயராலேயே அறிவித்தனர். அந்நடை வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் இருக்கலாம். ஆனால் அதனை வஞ்சகம் என்பார் இலர். கலப்பில் ஒளிவு இல்லை. கலப்படத்தில் ஒளிவே முதல்.

ஆகவே, 'அடல்ட்டரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, 'தூய்மையைக் கெடுத்தல்' என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி பாதி உண்மையையே கூறுகின்றது. தூய்மை என்பது கலவாமை அன்று, சொன்னபடி இருத்தல். காஞ்சிச் சரிகையில் நான்கு பொருள்கள் கலந்துள்ளன; ஆயினும், சொன்ன அளவில் இருக்கும்வரை அது தூயது. தஞ்சைக் கோயில் அணியில் அரக்கும் இருந்தது. ஆயினும், கல்லில் எழுதியிருந்தமையால் அது தூயது. எந்த நாள் சொல்லும் பொருளும் வேறாகின்றனவோ அந்த நாளே பொன் கெடுகின்றது. பொன்னுக்கு முன்னரே சொல் கெட்டுவிடுகின்றது.

சரிகையில் இருப்பது அரைப் பங்குப் பொன்னே என்று அறிந்தும் நம் தாய்மார்கள் அதனைப் பொன்னிழை என்றே போற்றி வாங்குகின்றனர். அந்த அரைப் பங்கை நம்பி, தம் ஆண்டுச் சேமிப்பை மணப்பெண்ணின் ஒரு புடவைக்குக் கொடுக்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு மாற்றுக் குறையாமல் பார்த்துக்கொள்வது நெசவாளர், வணிகர், அரசு, வாங்குபவர் ஆகிய அனைவர் பொறுப்புமாகும். உரைகல்லில் ஒட்டிய துகளையும் ஊர் ஏரிக்கு ஒப்படைத்த முன்னோரின் மண்ணில் அது இயலாத செயலன்று.